ஸ்டீயரிங் பிடித்தவர் மட்டும்தானா பொறுப்பு?

லோரி மோதி ஒருவர் இறந்தால் மறுநாள் செய்தியில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: 'லோரி ஓட்டுநர் விசாரணைக்காகத் தடுத்து வைக்கப்பட்டார்.' பொதுமக்கள் மனத்தில் அத்தோடு வழக்கு முடிந்துவிடுகிறது. இறந்தவரின் வீட்டிலும் பல நேரம் அப்படித்தான். ஓட்டுநருக்கு எத்தனை வருடம் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அந்த லோரி யாருடையது, யாருடைய பெர்மிட்டில் ஓடியது, எத்தனை டன் ஏற்றியிருந்தது, கடைசியாக எந்தப் பட்டறை அதன் பிரேக்கைத் தொட்டது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. விதவையின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அடங்கியிருப்பது இந்தக் கேள்விகளில்தான்.

செலாயாங்வாசிகளுக்கு லோரி என்பது அன்றாடம். பசார் போரோங்குக்கு கேமரன் மலையிலிருந்து காய்கறி இறங்கும் நேரத்தில் ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். மீனும் பழமும் வெங்காயமும் விடிவதற்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். ரவாங் பக்கமிருந்து கல்லும் மணலும் சிமெண்டும் வருகின்றன. ஜாலான் ஈப்போ, ஜாலான் கூச்சிங், மத்திய வட்டச் சாலை இரண்டு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்துச் சக்கர லோரிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருக்கும். அந்த மோட்டாரில் இருப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. லோரியை ஓட்டுபவரும் பல நேரங்களில் நம் வீட்டுப் பிள்ளைதான். அதனால்தான் இந்த விஷயத்தில் இரண்டு பக்கத்துக்காகவும் பேச வேண்டியிருக்கிறது.

2025 மே 13 காலை, பேராக் தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தோடு மோதியது. 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். நாடே அதிர்ந்தது. இறந்தவர்கள் சீருடைக்காரர்கள் என்பதால் விசாரணை ஓட்டுநரோடு நிற்கவில்லை. போக்குவரத்து அமைச்சு தனிப் பணிக்குழு அமைத்தது. லோரியின் இயந்திர நிலை, ஏற்றிய எடை, நிறுவனத்தின் நடைமுறை எல்லாம் ஆராயப்பட்டன. ஓட்டுநர் மீது சாலைப் போக்குவரத்துச் சட்டம் 41(1) பிரிவின்கீழ் குற்றம் சாட்டப்பட்டது.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 டிசம்பர் 23 இரவு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் 204-வது கிலோமீட்டரில், ஆயர் குரோ அருகே ஒரு டிரெய்லர் லோரியிலிருந்து கழன்ற டயர் சாலையில் கிடந்தது. அதில் மோதிய சுற்றுலாப் பேருந்து கட்டுப்பாடு இழந்து தடுப்பைத் தாண்டி, எதிரே வந்த இன்னொரு லோரியில் மோதியது. 7 பேர் உயிரிழந்தனர். பேருந்து ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும், அந்த இரவின் தொடக்கம் வேறொரு வண்டியின் சக்கர நட்டில் இருந்தது. நட்டை இறுக்கியது யார்? கடைசியாகச் சரிபார்த்தது யார்? பார்க்கவே இல்லையா? பொறுப்பைத் தேடுவது என்றால் இப்படித்தான் பின்னோக்கி நடக்க வேண்டும்.

இது சட்டத்துக்குப் புதிய விஷயமும் அல்ல. 2002-ல் கோலாலம்பூர் மோனோரயில் சோதனை ஓட்டத்தின்போது ஒரு பாதுகாப்புச் சக்கரம் கழன்று, கீழே நடந்து போன செய்தியாளர் மீது விழுந்தது. அந்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. சக்கரம் ஏன் கழன்றது என்று தெருவில் நடந்தவரால் நிரூபிக்க முடியுமா? 'நடந்த சம்பவமே பேசும்' என்ற பழைய கோட்பாடு இங்கேதான் கைகொடுக்கிறது. ஒழுங்காகப் பராமரித்தால் கழலாத ஒன்று கழன்றுவிட்டது, அது எதிர்த்தரப்பின் கட்டுப்பாட்டில் இருந்தது என்றால், விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதிர்த்தரப்புக்கு வருகிறது. லோரி டயருக்கும் பிரேக்குக்கும் இதே வாதம் பொருந்தும்.

இரண்டு வழக்குகள், இரண்டு அளவுகோல்கள்

விபத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பாதைகள் திறக்கின்றன. பல குடும்பங்கள் குழம்புவது இங்கேதான்.

முதலாவது குற்றவியல் வழக்கு. அதை அரசு நடத்துகிறது. அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக 41(1) பிரிவில் குற்றம் நிரூபிக்கப்பட்டால், 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட்வரை அபராதமும் உண்டு. அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. இறந்தவரின் வீட்டுக்கு அதில் ஒரு காசும் வராது.

இரண்டாவது சிவில் வழக்கு. இதைக் குடும்பமே தொடுக்க வேண்டும். இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. யார் பக்கம் நியாயம் அதிகம் சாய்கிறது என்பதே அளவுகோல். அதனால் ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும் சிவில் வழக்கு தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. 'போலீஸ் கேஸை மூடிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலீசின் முடிவு சிவில் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

சிவில் வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மற்ற வழக்குகளில் பண வரம்புக்கு உட்பட்ட செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு, வாகன விபத்து வழக்குகளில் எல்லையில்லா அதிகாரம் உண்டு. கோரிக்கை எத்தனை லட்சமாக இருந்தாலும் உயர்நீதிமன்றத்தில் தொடங்க வேண்டிய செலவு இல்லை.

முதலாளி எங்கே?

வேலைக்காரர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட விதி. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, ஓட்டியவர் அவருடைய ஆள்தான் என்ற தொடக்க அனுமானமும் உண்டு. ஆனால் அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஓட்டியவர் உரிமையாளரின் ஊழியர் அல்ல, உரிமையாளரின் காரியத்துக்காக ஓட்டவும் இல்லை என்று காட்டிவிட்டால் உரிமையாளர் தப்பிக்க வழியுண்டு என்பதை கூட்டரசு நீதிமன்றம் 1970-களிலேயே தெளிவாக்கிவிட்டது.

பெர்மிட் வாடகை என்ற பழக்கம் இந்த ஓட்டையில்தான் வளர்கிறது. பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' பிரிவு உரிமம் வேண்டும். சொந்தச் சரக்குக்கு 'சி' பிரிவு. உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். லோரியை வாங்கி, ஆளை வைத்து, டிரிப் பிடித்து ஓட்டுவது வேறொருவர். மாதாமாதம் உரிமக்காரருக்குப் பணம் போகும். விபத்து நடந்ததும் உரிமக்காரர் 'ஓட்டுநரை எனக்குத் தெரியவே தெரியாது' என்கிறார். நிஜ முதலாளியோ 'வண்டியின் கிராண்டில் (பதிவு அட்டையில்) என் பெயரே இல்லையே' என்கிறார். நடுவில் நிற்பது டிரிப்புக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கூலி வாங்கிய ஓட்டுநர். அவரிடம் மாதச் சம்பள ரசீதுகூட இருக்காது.

2025 ஜூன் 9-ல் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தபோதுதான் இந்தப் பழக்கம் நாட்டின் கண்ணில் பட்டது. அந்தப் பேருந்தின் பெர்மிட்டும் மூன்றாம் தரப்புக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. உரிமம் ரத்தானது. பேருந்தில் நடந்தது லோரியிலும் நடக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். என் கருத்தில், பெர்மிட்டை வாடகைக்கு விடுவது கணக்கு வழக்கில் செய்யும் சின்னத் தில்லுமுல்லு அல்ல. இறந்தவரின் குடும்பம் யார் மீது வழக்குப் போடுவது என்றே தெரியாமல் செய்கிற ஏற்பாடு அது.

வழக்கறிஞரின் விடை எளியது: எல்லாரையும் பிரதிவாதி ஆக்குவது. ஓட்டுநர், பதிவு உரிமையாளர், உரிமம் வைத்திருப்பவர், உண்மையில் நடத்துபவர், இழுக்கும் வண்டி ஒருவருடையதும் பின்னால் மாட்டிய டிரெய்லர் இன்னொருவருடையதும் என்றால் இருவரும். தேவைப்பட்டால் பட்டறையும் சரக்கு ஏற்றிவிட்டவரும். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை நீதிபதி பிரிக்கட்டும். ஒருவரை விட்டுவிட்டு வழக்கை நடத்தினால், இருப்பவர்கள் எல்லாப் பழியையும் அந்த வராதவர் மீது சுமத்திவிடுவார்கள்.

சாலையே காரணமாக இருந்தால்? செலாயாங்கில் இது தனிச் சிக்கல். பசார் போரோங் கூட்டரசுப் பிரதேசத்துக்குள் இருக்கிறது. செலாயாங் நகரமோ சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டம். ஒரு சாலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம், அடுத்ததில் செலாயாங் நகராண்மைக் கழகம், வட்டச் சாலையில் பொதுப்பணி இலாகா. எந்தக் குழி யாருடையது, எந்தப் போலீஸ் மாவட்டம் விசாரிக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பொது அமைப்புகள் மீது வழக்கு என்றால் 1948-ம் ஆண்டின் பொது அதிகார அமைப்புகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான் கெடு.

பணம் யார் தருவார்?

வழக்கு ஓட்டுநர் மீது என்றாலும் காசோலை வருவது காப்புறுதி நிறுவனத்திடமிருந்து. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக்கூடாது என்று சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-வது பிரிவு சொல்கிறது. தீர்ப்பு வந்தால் காப்புறுதி நிறுவனம் கட்டியே ஆக வேண்டும் என்று அதே சட்டத்தின் 96-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்த 7 நாளுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு முறைப்படி நோட்டீஸ் போயிருக்க வேண்டும். இந்த ஒரு கடிதம் தவறியதால் கையில் தீர்ப்பு இருந்தும் பணம் வராமல் போகும் நிலை ஏற்படலாம்.

அடிக்கடி கேட்கும் பயமுறுத்தல் ஒன்று: 'லோரி அதிக எடை ஏற்றியிருந்தது, வண்டி நிலை சரியில்லை, ஆகவே இன்ஷூரன்ஸ் கொடுக்காது.' இது பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பிடம் சொல்லக்கூடாத வாதம். வண்டியின் நிலை, ஏற்றிய சரக்கின் எடை போன்றவற்றைக் காரணம் காட்டி மூன்றாம் தரப்புக்குத் தட்டிக்கழிக்க 95-வது பிரிவு இடம் தருவதில்லை. நிறுவனம் முதலில் கட்டிவிட்டு, பிறகு லோரி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். காப்புறுதியே இல்லாத வண்டி என்றால் மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் என்ற அமைப்பை அணுகலாம்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் (நம்மவர் வாயில் சொக்சோ) இழப்பீடு தனியாக உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலையிட விபத்துக் காப்பு வந்திருக்கிறது. லோரியில் உடன் வந்த கெலிண்டானுக்கு (உதவியாளருக்கு) அடிபட்டால் முதலில் தட்ட வேண்டிய கதவும் அதுதான். முதலாளி அவர் பெயரைப் பதியவே இல்லை என்றாலும் போய்க் கேளுங்கள். பதியாமல் விட்டது முதலாளியின் குற்றம்.

இனி கணக்கு. 35 வயது, பசார் போரோங்கில் வேலை, மாத வருமானம் 3,000 ரிங்கிட், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 1956-ம் ஆண்டின் சிவில் சட்டம் 7-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படிக் கணக்குப் போடச் சொல்கிறது. அவருடைய சொந்தச் செலவுக்கு 1,000 கழித்தால் குடும்பத்துக்கு மாதம் 2,000, வருடம் 24,000. அறுபதிலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 12.5. இரண்டையும் பெருக்கினால் 3 லட்சம். துயர இழப்பீடு 30,000. (முன்பு இது வெறும் 10,000.) இறுதிச் சடங்குச் செலவு தனி. வயது 30 அல்லது அதற்குக் கீழே என்றால் 12.5-க்குப் பதில் 16.

இதில் இரண்டு இடத்தில் பணம் கரையும். முதலாவது, வருமானச் சான்று. ரொக்கக் கூலி வாங்கியவர் 3,000 சம்பாதித்தார் என்று மனைவி சொன்னால் மட்டும் போதாது. வங்கிக் கணக்கு, ஈ.பி.எஃப்., முதலாளியின் கடிதம், கடை வாடகை ரசீது, ஏதோ ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம் தானே ஒரு குறைந்த தொகையை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, இறந்தவரின் பங்குத் தவறு. மோட்டாரில் விளக்கு எரியவில்லை, இடப்பக்கம் நுழைந்தார் என்று சொல்லி 30 சதவீதம் அவர் தவறு என்று முடிவானால், 3,30,000 அப்படியே 2,31,000 ஆகிவிடும். லோரியின் காப்புறுதி வழக்கறிஞர் முழு மூச்சோடு வேலை செய்வது இந்தச் சதவீதத்தை ஏற்றத்தான்.

சட்டத்தின் மிகக் கடுமையான கோடு வயதில் விழுகிறது. இறக்கும்போது 60 நிரம்பியிருந்தால் வருமான இழப்பு என்று ஒன்றுமே கிடையாது. 62 வயதிலும் காய்கறி மூட்டை தூக்கிக் குடும்பம் நடத்துபவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பு பூஜ்யம் என்று எழுதிவைத்திருப்பது அநியாயம். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

முதல் பதினைந்து நாள்

சான்றுகள் அழிவது சட்டம் நகர்வதைவிட வேகமாக நடக்கும். கடை வாசல் கேமராப் பதிவு சில நாளில் அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். லோரி பட்டறைக்குப் போய்ச் சாயம் பூசி வந்துவிடும். எனவே குடும்பத்தில் துக்கம் தாங்கக்கூடிய ஒருவர் வெளியே இறங்க வேண்டும். போலீஸ் புகாரின் பிரதி, விசாரணை அதிகாரி வரைந்த தளவரைபடம், புகைப்படங்கள், வாகனப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள். வரைபடத்தில் டயர் தடமும் கண்ணாடிச் சில்லும் எங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் யார் பாதையில் யார் நுழைந்தார் என்பது தீர்மானமாகும். அது தவறாக இருந்தால் அதே வாரத்தில் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது.

வழக்கறிஞர் மூலம் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும்: ஜி.பி.எஸ். பதிவு, எடைச் சீட்டு, சரக்கு ஒப்படைப்புத் தாள், ஓட்டுநரின் அந்த வாரப் பயண அட்டவணை, பராமரிப்புப் புத்தகம் எதையும் அழிக்கக்கூடாது என்று. கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாகியிருக்கிறது. அது பொருத்தப்பட்டிருந்ததா, வேலை செய்ததா என்றும் கேட்க வேண்டும். நிறுவனம் மறுத்தால் 2012 நீதிமன்ற விதிகளின்படி ஆவணங்களைக் காட்டச் சொல்லி உத்தரவு கேட்கலாம். வழக்கு தொடங்குவதற்கு முன்பேகூட அதற்கு வழியுண்டு.

பிணவறை வாசலிலும் வார்டு வாசலிலும் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துக்குத் தாள் நீட்டும் ஆட்களிடம் ஏமாறாதீர்கள். வழக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. வெற்றித் தொகையில் இத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதையும் 1976-ம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிக்கவில்லை. உறவினர் ஒருவரோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.

ஓட்டுநர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டி உங்களுடையது இல்லை, ஆனால் சிறை உங்களுடையது. பிரேக் இழுக்கிறது, டயர் மொட்டையாகிவிட்டது என்றால் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள், அழிக்காமல் வையுங்கள். 'பரவாயில்லை, இன்றைக்கு மட்டும் ஓட்டு' என்று அவர் பதில் போட்டால், நாளை நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரிதான். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தப்படி, உடனடி ஆபத்து உள்ள வேலையிலிருந்து விலகிக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு. அதே திருத்தம் முதலாளிக்கு அபராத உச்சவரம்பை 50,000-லிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியதோடு, நிறுவன இயக்குநரையும் சேர்த்துக் குற்றம் சாட்ட வழிவகுத்திருக்கிறது. விபத்து நடந்தால் ஓடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுப்பது கட்டாயம்.

போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றே. பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவரும், உண்மையில் வண்டியை நடத்துபவரும், ஒவ்வொரு விபத்துக்கும் சேர்ந்தே பொறுப்பு. 'எனக்குத் தெரியாது' என்ற பதில் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். உரிமத்தை ரத்து செய்வதால் அடுத்த விபத்து தடைபடலாம். போன விபத்தில் இறந்தவரின் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை.

அந்தத் திருத்தம் வரும்வரை காலண்டரைப் பாருங்கள். இறப்புக்கான சார்ந்தோர் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு. காயத்துக்கான வழக்குக்கு தீபகற்பத்தில் 6 ஆண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அதுவரை சேர்த்த ஆவணங்களின் கோப்பைக் கையில் எடுங்கள்.